ஒரு சொல்லின் எடை: தனிமனித சுதந்திரமும் சென்னை மாகாணத்து வழக்குகளும்

அரசியலமைப்புச் சட்டத்தை அரபு மொழியில் ‘தஸ்தூர்’ என்பர். பாரசீகத்திலிருந்து அரபுக்கு வந்து சேர்ந்த சொல் அது. முற்காலத்தில் அதிகாரம் பெற்ற மனிதரையும், பின்பற்றப்பட வேண்டிய விதியையும் அந்த ஒரே சொல் குறித்தது. ஆள்பவன் பெரியவனா, அவன் கட்டுப்பட வேண்டிய விதி பெரியதா என்ற கேள்வி அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதாகத் தோன்றும்.

அரபு நாடுகளில் முதன்முதலாக எழுதப்பட்ட அரசியலமைப்பு 1861இல் துனீசியாவில் நடைமுறைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில் நிறுத்தி வைக்கப்பட்டது. உதுமானியப் பேரரசின் ‘கானூனே அஸாஸீ’ 1876இல் பிரகடனம் செய்யப்பட்டது. 1878இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட, 1908 வரை அது ஏட்டளவில் மட்டுமே இருந்தது. ஓர் ஆவணம் இருப்பதனால் மட்டும் குடிமக்கள் பாதுகாப்புப் பெற்றுவிடுவதில்லை என்பதற்கு இவ்விரு வரலாறுகளும் சான்றாகும்.

அவ்வாறாயின், அரசியலமைப்பு எந்த இடத்தில் குடிமகனுக்கும் அரசுக்கும் இடையிலான உறவை உண்மையாக நிர்ணயிக்கிறது? முகவுரையின் உயர்ந்த வாசகங்கள் ஒரு தேசத்தின் இலட்சியத்தைச் சொல்கின்றன. ஆனால் நள்ளிரவில் ஒருவரது வீட்டுக் கதவைக் காவலர் தட்டும்போது, அவருக்கும் அரசுக்கும் இடையே நிற்பவை சில சிறிய சொற்களே. நமது அரசியலமைப்பில் அத்தகைய சொற்களுள் ஒன்று இடம்பெற்றது, மற்றொன்று கைவிடப்பட்டது. இவ்விரண்டின் விளைவும் 1950க்கும் 1952க்கும் இடையே நமது சென்னை மாகாணத்திலிருந்து எழுந்த வழக்குகளிலேயே வெளிப்பட்டது. அந்த வரலாற்றில் முஸ்லிம் உறுப்பினர்கள் சிலருக்கும், ஒரு முஸ்லிம் நீதிபதிக்கும் உள்ள பங்கை நம்மவர்கள் போதிய அளவு நினைவில் கொள்ளவில்லை.

நிர்ணய சபையில் நம் உறுப்பினர்கள்

அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் முஸ்லிம் லீக் உறுப்பினர்களாக காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப், பி. போக்கர் சாஹிப், மஹ்பூப் அலீ பேக் சாஹிப், கே.டி.எம். அஹ்மது இப்ராஹீம் சாஹிப் ஆகியோர் பணியாற்றினர். பிரிவினைக்குப் பின்னர் அவர்கள் நின்ற இடம் எளிதானதன்று. 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அமைக்கப்பட்டபோது, அக்கட்சி இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்திருந்தது. எண்ணிக்கையில் மிகச் சிலரான அவர்கள், சபையின் பெரும்பான்மைக்கு எதிராக ஒவ்வொரு திருத்தத்தையும் வாதிட வேண்டியிருந்தது.

தனித் தொகுதி கோரி அவர்கள் வாதிட்டதும், பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவின்மீது 1948 நவம்பர் 23இல் திருத்தங்கள் கொண்டு வந்ததும், ஆட்சிமொழி விவாதத்தில் காயிதே மில்லத் தமிழுக்காகக் குரல் கொடுத்ததும் நம் மேடைகளில் அடிக்கடி நினைவுகூரப்படுகின்றன. அவை நினைவுகூரப்பட வேண்டியவையே. ஆனால் அந்த நினைவு அத்துடன் நின்றுவிடுகிறது. தம் சமுதாயத்தின் உரிமைகளுக்காக மட்டுமே அவர்கள் எழுந்து பேசினர் என்ற தோற்றம் இதனால் உண்டாகிவிட்டது. எந்தச் சமயத்தவராயினும், எந்தக் கட்சியினராயினும், விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்படக்கூடிய ஒவ்வொரு மனிதருக்காகவும் அச்சபையில் எழுந்த குரல்களுள் முஸ்லிம் உறுப்பினர்களின் குரலும் இருந்தது.

கைவிடப்பட்ட சொல்

அடிப்படை உரிமைகள் குறித்த குழு 1947இல் அளித்த அறிக்கையில், எவரது உயிரும் சுதந்திரமும் ‘உரிய சட்ட நெறி’ இன்றிப் பறிக்கப்படலாகாது என்று இருந்தது. ‘ட்யூ ப்ராசஸ் ஆஃப் லா’ என்று அமெரிக்க அரசியலமைப்பில் வழங்கும் தொடர் அது. சட்டமன்றம் ஒரு சட்டத்தை இயற்றிவிட்டது என்பது மட்டும் போதாது. அந்தச் சட்டம் வகுக்கும் முறை நியாயமானதா என்றும் நீதிமன்றம் பார்க்கும் என்பதே இத்தொடரின் உட்பொருள்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் சபையின் அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்றார். அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர், இத்தொடர் மக்களாட்சிக்குப் பொருந்தாத அதிகாரத்தை நீதிபதிகளிடம் ஒப்படைக்கிறது என்று அவரிடம் எடுத்துரைத்தார். 1948 பிப்ரவரியில் வரைவுக்குழு வெளியிட்ட வரைவில் அத்தொடர் இல்லை. ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைக்கு இணங்கவன்றி’ என்ற தொடர் அதனிடத்தில் வந்திருந்தது. 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பின் 31ஆம் பிரிவிலிருந்து அது எடுக்கப்பட்டது. ‘சுதந்திரம்’ என்ற சொல்லும் ‘தனிமனித சுதந்திரம்’ எனச் சுருக்கப்பட்டிருந்தது.

அன்று 15ஆம் பிரிவாகவும் பின்னர் 21ஆம் பிரிவாகவும் எண்ணிடப்பட்ட இவ்வாசகம் 1948 டிசம்பர் 6ஆம் நாள் விவாதத்துக்கு வந்தது. பழைய தொடரையே மீண்டும் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் மத்திய மாகாணத்தைச் சேர்ந்த காஸி சையிது கரீமுத்தீன், சென்னை மாகாணத்தின் மஹ்பூப் அலீ பேக் ஆகியோரும் இருந்தனர். காங்கிரஸ் தரப்பிலிருந்து தாகூர் தாஸ் பார்கவா, கே.எம். முன்ஷி போன்றோரும் இதே கருத்தைக் கொண்டிருந்தனர். ஆகவே இது ஒரு கட்சியின் விவாதமாகவோ ஒரு சமுதாயத்தின் விவாதமாகவோ இருக்கவில்லை.

மஹ்பூப் அலீ பேக் எடுத்துவைத்த வாதம் கூர்மையானது. ஜப்பானிய வாசகத்தை எடுத்துக்கொண்ட வரைவுக்குழு, அதை அடுத்து அதே அரசியலமைப்பில் வரும் பாதுகாப்புகளை ஏன் விட்டுவிட்டது என்று அவர் கேட்டார். நீதிமன்றத்தை அணுகும் உரிமை, கைதுக்கான காரணத்தை அறியும் உரிமை, வழக்கறிஞரின் துணை ஆகியவற்றை ஜப்பானியர்கள் அந்த ஒரு பிரிவைச் சூழ்ந்து அரண்களாக எழுப்பியிருந்தனர். நாமோ அரண்களை விட்டுவிட்டு வாயிற்கதவை மட்டும் கொண்டுவந்தோம் என்பதே அவ்வாதத்தின் சாரம்.

டிசம்பர் 13இல் விவாதம் முடிவுற்றபோது டாக்டர் அம்பேத்கர் தாமும் இக்கட்டான நிலையில் இருப்பதை மறைக்கவில்லை. கட்சிக்காரர்களால் நிறைந்த சட்டமன்றம் உரிமைகளை மிதிக்கக்கூடும் என்பதும் உண்மை. ஐந்தாறு நீதிபதிகள் தம் சொந்த விருப்பு வெறுப்புகளைக் கொண்டு சட்டங்களை எடைபோடக்கூடும் என்பதும் உண்மை என்று கூறி, முடிவைச் சபையிடமே விட்டார். திருத்தங்கள் தோற்றன. வரைவுக்குழுவின் வாசகம் நிலைபெற்றது.

மறுதரப்பின் நியாயம்

தோற்றவர்கள் மீது நமக்குள்ள பரிவு, வென்றவர்களின் வாதத்தைக் கேட்காதவாறு நம்மைச் செய்துவிடக் கூடாது. அவர்கள் எல்லாரும் அடக்குமுறையை விரும்பியவர்கள் அல்லர். நியூயார்க் மாநிலத்தில் அடுமனைத் தொழிலாளர்களின் வேலை நேரத்தை நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி என வரையறுத்த சட்டத்தை, 1905இல் லாக்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே தொடரைக் காட்டியே செல்லாததாக்கியது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் முதலாளியின் சுதந்திரம், ரொட்டி சுடும் தொழிலாளியின் உடல்நலத்தைவிட மேலானதாக அங்கே கருதப்பட்டது.

சென்னையின் புகழ்பெற்ற சட்ட அறிஞரும் வரைவுக்குழு உறுப்பினருமான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இதை நன்கு அறிந்தவர். 1948இல்தான் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அதே 1948இல்தான் மத்தியத் தொழிற்சாலைச் சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியாக வரையறுத்தது. இத்தகைய சட்டங்களை நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக வீழ்த்திவிட்டால் ஏழைகளின் கதி என்னவாகும் என்ற அச்சம் பொருளற்றதன்று. பின்னாளில் கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூர்ப் பகுதியிலும் எழுந்த ஆலைகளில் உழைத்த ஒவ்வொரு தொழிலாளியும் அந்தச் சட்டத்தின் பயனை அனுபவித்தவரே.

ஆனால் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். முதலாளியின் சொத்து வேறு. மனிதனின் உடல் வேறு. நிலச் சீர்திருத்தத்துக்குத் தடை வரக் கூடாது என்பதற்காக எழுப்பப்பட்ட வாதம், விசாரணையின்றி அடைக்கப்படுபவனின் பாதுகாப்பையும் சேர்த்து அடித்துக்கொண்டு போயிற்று. சபைக்கே இது உறுத்தியது. 1949 செப்டம்பரில் அம்பேத்கர் புதியதொரு பிரிவைக் கொண்டு வந்தபோது, முந்தைய முடிவால் பலருக்கு ஏற்பட்ட அதிருப்திக்கு இது ஒருவகை ஈடு என்றே விளக்கினார். அதுவே இன்றைய 22ஆம் பிரிவு. கைதானவருக்குக் காரணம் தெரிவித்தல், வழக்கறிஞரை அமர்த்த அனுமதித்தல், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்துதல் ஆகியவை அதில் இடம்பெற்றன. ஆனால் தடுப்புக் காவலில் வைக்கப்படுவோருக்கு இந்தப் பாதுகாப்புகள் பொருந்தா என்றும் அதே பிரிவு கூறியது. மூன்று மாதங்களுக்கு மேல் ஒருவரை வைத்திருக்க அறிவுரைக் குழுமத்தின் கருத்து தேவை என்பதே அவர்களுக்கு எஞ்சிய முதன்மையான காப்பு. அதற்கும் விலக்களிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரப்பட்டது. அடிப்படை உரிமைகளின் அத்தியாயத்துக்குள்ளேயே விசாரணையற்ற சிறைக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது.

சிறையிலிருந்து ஒரு மனு

குடியரசு பிறந்து ஒரு மாதத்துக்குள், 1950 பிப்ரவரியில், நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை இயற்றியது. பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே சென்னை அரசின் காவலில் இருந்து வந்தார். சாதாரணக் குற்றவியல் சட்டப்படி அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் ரத்தாகியிருந்தன. ஆயினும் அவர் வெளியே வர முடியவில்லை. 1950 மார்ச் 1ஆம் நாள் புதிய சட்டத்தின்கீழ் மற்றோர் ஆணை அவரிடம் தரப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். எம்.கே. நம்பியார் அவருக்காக வாதிட்டார். 21ஆம் பிரிவின் பொருள் என்ன என்ற கேள்வி முதன்முறையாக உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது.

1950 மே 19இல் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்பதிலுள்ள சட்டம், சட்டமன்றம் இயற்றிய சட்டமே. இயற்கை நீதி எனும் பரந்த பொருள் அதற்கில்லை என்று தலைமை நீதிபதி கனியா கூறினார். இலத்தீன் மொழியில் ‘லெக்ஸ்’ என்பது இயற்றப்பட்ட சட்டம். ‘ஜுஸ்’ என்பது நியாயத்தோடு கூடிய சட்டம். அரபு பயின்றோர்க்கு ‘கானூன்’, ‘ஹக்’ என்னும் சொற்களைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்கலாம். இங்கே இருப்பது முன்னதே என்பது தீர்ப்பு. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்துக்கும் சொல்லக் கூடாது எனத் தடுத்த 14ஆவது பிரிவை மட்டும் நீதிபதிகள் செல்லாததாக்கினர். கோபாலனின் மனு தள்ளுபடியானது.

21ஆம் பிரிவின் பொருளில் பெரும்பான்மையோடு உடன்படாமல் நின்றவர் நீதிபதி சையிது ஃபஸ்ல் அலீ. மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் தலைவராக நம் வாசகர்கள் பின்னாளில் அறிந்தவர் இவரே. நடைமுறை என்றால் வெறும் எழுத்தன்று. நான்கு அம்சங்கள் இருந்தால்தான் அது நடைமுறை என்னும் பெயருக்கு உரியதாகும் என்றார் அவர். முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பு, நடுநிலையான விசாரணை மன்றம், ஒழுங்கான விசாரணை முறை என்பவையே அந்த நான்கு.

நம் அரபுக் கல்லூரிகளில் ஃபிக்ஹு நூல்களின் ‘அதபுல் காழீ’ பாடத்தைப் படிக்கும் மாணவருக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. அலீ (ரலி) அவர்களை யமன் தேசத்துக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம். ஃபஸ்ல் அலீ தம் தீர்ப்பில் எழுதியது இந்திய அரசியலமைப்பின் விளக்கமே. எனினும், கேட்கப்படாதவன்மீது தீர்ப்பில்லை என்னும் நெறி எந்த ஒரு நாட்டின் தனிச்சொத்தும் அன்று என்பதை இந்த ஒற்றுமை நமக்கு உணர்த்துகிறது.

இதனால் அவரை எல்லா வழக்குகளிலும் சுதந்திரத்தின் பக்கம் நின்றவராக வரைந்துவிடலாகாது. ஒரே வாரம் கழித்து, 1950 மே 26இல், ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைச் சென்னை மாகாணத்துக்குள் நுழையவிடாமல் தடுத்த ஆணையை ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, அரசின் பக்கம் நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவரும் ஃபஸ்ல் அலீயே. சான்றோரின் ஒரு கருத்து உயர்ந்ததாக இருப்பதற்கு அவர்களது எல்லாக் கருத்துகளும் உயர்ந்தவையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வரலாற்றை எழுதுவோர் இந்த நேர்மையைக் கைவிடலாகாது.

இடம்பெற்ற சொல்

இனி, நிலைபெற்ற மற்றொரு சொல்லின் கதையைப் பார்ப்போம். பேச்சு, கூட்டம், சங்கம் ஆகிய சுதந்திரங்களைக் கூறும் 19ஆம் பிரிவின் வரைவில், அரசு விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கு எந்த அடைமொழியும் இருக்கவில்லை. ‘நியாயமான’ என்ற ஒரே ஒரு சொல்லைக் கட்டுப்பாடுகளுக்கு முன் சேர்க்க வேண்டும் என்று தாகூர் தாஸ் பார்கவா 1948 டிசம்பரில் வாதிட்டார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். உரிய சட்ட நெறியைக் கேட்டவர்கள் தோற்ற அதே மாதத்தில் இந்தச் சிறு சொல் வென்றது.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. சென்னையில் இயங்கிய மக்கள் கல்விச் சங்கம் எனும் அமைப்பை 1950 மார்ச்சில் மாகாண அரசு சட்டவிரோதமானதாக அறிவித்தது. சங்கத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் வி.ஜி. ராவ் வழக்குத் தொடுத்தார். 1952 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நம் சென்னை தந்த தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. அரசின் அகநிலைத் திருப்தி மட்டும் போதாது; அறிவிப்பின் காரணங்களை நீதிமன்றம் ஆராய வழியில்லாதபோது அந்தக் கட்டுப்பாடு நியாயமானதாக ஆகாது என்பது அத்தீர்ப்பின் மையம். கட்டுப்பாட்டின் உள்ளடக்கம் மட்டுமன்றி, அது விதிக்கப்படும் முறையும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்றாயிற்று.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாகாண அரசின் நடவடிக்கையிலிருந்து எழுந்தவை, காலம் ஒன்று, பொதுவுடைமையாளர்மீது அரசு கொண்ட ஐயமும் ஒன்று. சங்கத்துக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. சிறையிலிருந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. காரணம், ஒரு பிரிவில் ‘நியாயமான’ என்ற சொல் இருந்தது. மற்றதில் அதற்கு இணையான சொல் நீக்கப்பட்டிருந்தது. குடிமகனுக்கும் அரசுக்கும் உள்ள உறவை அரசியலமைப்பு எவ்வாறு வடிவமைக்கிறது என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

இருண்ட ஆண்டுகளும் விடியலும்

கோபாலன் தீர்ப்பின் முழு விலையை நாடு 1975இல்தான் உணர்ந்தது. ஜூன் 25இல் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 1971இன் மிசா சட்டத்தின்கீழ் ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். 21ஆம் பிரிவைக் கொண்டு நீதிமன்றம் செல்லும் உரிமை நிறுத்தப்பட்டது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களைக் கேட்க முடியும் என்றன. ஆனால் 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் முடியாது என்றது. ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டதும், நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் பதிலளித்ததும் அவ்வழக்கின் வரலாற்றில் பதிந்துள்ளன. மாறுபட்ட தீர்ப்பெழுதியவர் கன்னா ஒருவரே. பெரும்பான்மையில் இருந்தவர்களில் ஒருவர் நீதிபதி மிர்ஸா ஹமீதுல்லாஹ் பேக். 1977 ஜனவரியில் கன்னாவைப் பின்தள்ளித் தலைமை நீதிபதியாக்கப்பட்டவரும் அவரே.

தமிழகத்தில் 1976 ஜனவரி 31இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட பின்னர் இச்சட்டத்தின் கரம் இங்கும் நீண்டது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டனர். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிரிழந்தார். இக்கொடுமைகளை விசாரித்துப் பதிவு செய்த ஆணையத்தின் தலைவர், நாகூரில் பிறந்து கம்பன் ஆய்வில் பெரும்புகழ் ஈட்டிய நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்களே. அந்தச் சிறை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி இருந்தது. அரக்கோணம் மார்க்கத்தில் செவ்வாப்பேட்டை, திருநின்றவூர், ஆவடி வழியாக நாள்தோறும் சென்னைக்குப் பயணம் செய்த மக்கள் அதன் அருகிலேயே வந்து இறங்கினர். சுவருக்கு அப்பால் நடந்தது தணிக்கையின் காரணத்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்தச் சிறை 2006இல் புழலுக்கு மாறியது.

விடியல் 1978 ஜனவரி 25இல் வந்தது. கடவுச்சீட்டு முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில், 21ஆம் பிரிவு கூறும் நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும். தன்னிச்சையானது நடைமுறையே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 28 ஆண்டுகளுக்கு முன் ஃபஸ்ல் அலீ தனித்து நின்று எழுதியதும், 30 ஆண்டுகளுக்கு முன் நிர்ணய சபையில் மஹ்பூப் அலீ பேக்கும் கரீமுத்தீனும் கேட்டதும் வேறு வழியாக வந்து சேர்ந்தன. அந்த ஏழு நீதிபதிகளின் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அதே ஹமீதுல்லாஹ் பேக் என்பது வரலாற்றின் விந்தை. வாசகம் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசித்த முறை மாறியது. சொல்லின் வெளிப்பொருளுக்கும் அதன் ‘மக்ஸத்’ எனும் நோக்கத்துக்கும் இடையிலான உறவை உஸூல் பாடத்தில் ஆராய்வோர், அரசியலமைப்பின் வரலாற்றிலும் அதே ஆய்வு நடப்பதைக் காண்பர்.

மேலும் ஒன்று. காரணமற்ற சோதனைகளிலிருந்து ஒருவரது உடலும் இல்லமும் ஆவணங்களும் காக்கப்பட வேண்டும் என்று 1948 டிசம்பரில் கரீமுத்தீன் கொண்டு வந்த திருத்தமும் தோற்றது. 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தபோது, 1976இன் ஆட்கொணர்வுத் தீர்ப்பும் வெளிப்படையாக மறுக்கப்பட்டது.

‘குடிமகன்’ அன்று, ‘மனிதர்’

21ஆம் பிரிவில் மற்றொரு நுட்பமும் உண்டு. 19ஆம் பிரிவின் சுதந்திரங்கள் ‘குடிமக்கள்’ அனைவருக்கும் உரியவை. 21ஆம் பிரிவோ ‘எந்த நபரையும்’ என்று தொடங்குகிறது. குடியுரிமை இல்லாதவரும் அதன் நிழலில் நிற்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கண நுட்பமன்று. கும்மிடிப்பூண்டியில் ஈழத் தமிழ் ஏதிலியர் முகாம் உள்ளது. அங்கே பிறந்து வளர்ந்து, இந்த மண்ணையன்றி வேறு மண்ணை அறியாத தலைமுறையினர் உள்ளனர். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் அவர்களது உயிரும் சுதந்திரமும் நியாயமான நடைமுறையின்றிப் பறிக்கப்படலாகாது. 1996இல் அருணாசலப் பிரதேசத்தின் சக்மா மக்கள் தொடர்பான வழக்கில், குடிமக்களாயினும் அல்லாதோராயினும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ‘நபர்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘குடிமகன்’ என்று 1948இல் எழுதியிருந்தால் அந்தத் தீர்ப்புக்கு அடித்தளமே இருந்திராது.

உறங்கும் திருத்தம்

நெருக்கடி நிலையின் பாடத்திலிருந்து 1978இல் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பிறந்தது. இனி எந்த நெருக்கடியிலும் 20, 21ஆம் பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாது என்று அது விதித்தது. அப்பகுதி நடைமுறையில் உள்ளது. அதே திருத்தத்தின் 3ஆவது பிரிவு, தடுப்புக் காவலில் அறிவுரைக் குழுமம் இன்றி வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. குழுமத்தின் அமைப்பையும் வலுப்படுத்தியது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த அப்பிரிவு நடைமுறைக்கு வரும் நாளை எந்த அரசும் அறிவிக்கவில்லை. 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில், அறிவிக்குமாறு அரசுக்கு ஆணையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. ஆட்சிகள் பல மாறின. அப்பிரிவு உறங்கிக்கொண்டிருக்கிறது.

இதனிடையே தடுப்புக் காவல் சட்டங்கள் பெருகின. மத்தியில் 1980இன் தேசியப் பாதுகாப்புச் சட்டம். தமிழகத்தில் குண்டர் சட்டம் என மக்கள் வழங்கும் 1982இன் 14ஆம் எண் சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுவோரையும் வழக்கமான குற்றவாளிகளையும் நோக்கி இயற்றப்பட்ட இச்சட்டத்தில், திருட்டு வீடியோ, இணையக் குற்றம் எனப் புதிய வகைகள் காலந்தோறும் சேர்க்கப்பட்டன. ஓராண்டு வரை விசாரணையின்றிக் காவலில் வைக்க இது இடமளிக்கிறது. இச்சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்படும் ஆணைகளில் பெருந்தொகை சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்தாகின்றன. மனுவைப் பரிசீலிப்பதில் தாமதம், ஆவணங்கள் படிக்க இயலாத நகலாகத் தரப்பட்டமை, கைதிக்குத் தெரிந்த மொழியில் மொழிபெயர்ப்பு தராமை ஆகியவையே பெரும்பாலும் காரணங்கள். சிறு குறைகள் என்று சிலர் இவற்றை இகழ்வர். ஆனால் தன்மீது சொல்லப்படும் காரணத்தைப் படித்தறிய முடியாதவன் எவ்வாறு பதில் சொல்வான்? வடமாநிலத் தொழிலாளர் பலர் வந்து உழைக்கும் நம் தொழிற்பேட்டைகளில் இந்த மொழிபெயர்ப்பு உரிமையின் அருமை தெளிவாகும்.

விசாரணை உண்டு என்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுவதும் இல்லை. 1998 பிப்ரவரியில் கோவையில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தனர். அக்குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. மக்களின் உயிரைக் காப்பதும் 21ஆம் பிரிவின் கடமையே. ஆனால் அவ்வழக்கில் 1998 மார்ச்சில் கைதான அப்துந் நாஸிர் மஅதனீ, 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என அவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்படும்வரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். விரைவான விசாரணையும் 21ஆம் பிரிவின் பகுதியே என்று 1979இல் ஹுஸைனாரா காதூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்த பின்னர் நடந்தது இது. 2021 பிப்ரவரியில், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கடுமையான பிணை விதிகளையும் மீறி, விசாரணை முடிவின்றி நீளும்போது 21ஆம் பிரிவின்படி பிணை வழங்கலாம் என அதே நீதிமன்றம் கூறியது. வழி திறந்திருக்கிறது; அவ்வழியே எல்லாரும் வெளிவந்துவிடவில்லை.

நாம் செய்ய வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகளைப் பெறுகிறோம். அரசியலமைப்பில் ஒரு சொல் இல்லாமற்போனால் அதற்கான விலையை மனிதர்கள் சிறையில் செலுத்துகின்றனர். அதே வேளையில், தோற்ற வாதமும் நேர்மையுடன் பதிவு செய்யப்பட்டிருந்தால் வீணாவதில்லை. பின்னால் வரும் ஒருவர் அதை எடுத்து ஆள்கிறார்.

நம் மதரஸாக்களில் உஸூலுல் ஃபிக்ஹு கற்கும் மாணவர்கள் ஒரு சொல்லின் பொதுமையையும் தனிமையையும், வெளிப்பொருளையும் உட்பொருளையும் பகுத்தறியப் பல ஆண்டுகள் பயிற்சி பெறுகின்றனர். அந்தக் கூர்மையை நம் அரசியலமைப்பின் 19, 20, 21, 22ஆம் பிரிவுகளைப் படிப்பதிலும் அவர்கள் செலுத்தினால், ஜமாஅத்துகளுக்கும் மஹல்லாக்களுக்கும் பேருதவியாக அமையும். கைதானவரின் குடும்பம் முதல் நாளிலேயே எதைக் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தைப் பெற வேண்டும், எந்த மொழியில் பெற வேண்டும் என்பதை அறிந்த ஒருவராவது ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் வேண்டும். அந்த அறிவு முஸ்லிமுக்கு மட்டும் பயன்படுவதாக இருக்கக் கூடாது. கோபாலன் முஸ்லிம் அல்லர், வி.ஜி. ராவ் முஸ்லிம் அல்லர். 1948 டிசம்பரில் மஹ்பூப் அலீ பேக் எழுந்து நின்று கேட்ட பாதுகாப்பு அவர்களைப் போன்றோருக்கும் சேர்த்தே கேட்கப்பட்டது.